நகம் தட்டாத பலகை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சும்மா வாயால் சொல்லவில்லை. என் வலது உள்ளங்கையில் இப்போது ஒரு பிடி உப்பு இருக்கிறது. உப்பைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். எழுதும்போது கீழே வைக்கிறேன், ஒரு பத்தி முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்கிறேன். நடுவில் பொய் புகுந்துவிட வழியில்லை.

மரக்காணம் உப்பளத்தில் சத்தியம் என்றால் இதுதான். கோயிலுக்குப் போகிறவனும் இப்படித்தான் செய்வான், சர்ச்சுக்குப் போகிறவனும் இப்படித்தான் செய்வான். பாத்தியிலிருந்து ஈர உப்பை ஒரு பிடி அள்ளி, விரலை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பொய்யென்றால் உப்பு கரைகிற மாதிரி கை கரைந்துவிடும். எனக்குத் தெரிந்து கை போனவர் ஒருவர்தான். அவருக்குப் போனது மோட்டார் பெல்ட்டில். ஆனாலும் அதற்கு முந்தின வாரம் அவர் எதற்கோ சத்தியம் செய்திருந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

என் பெயர் பாவாடை. வயது எழுபத்தாறு. தனகோடி முதலாளியின் உப்பளத்தில் மோட்டார் கொட்டகைக் காவல். கழுவெளிச் சதுப்பில் ஒரு நண்டு என் இடது காலைப் பிடித்துக்கொண்டு கூனிமேடு வரைக்கும் இழுத்துப் போனதிலிருந்து கோல் ஊன்றித்தான் நடக்கிறேன். நண்டின் அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை.

இது நண்டின் கதை இல்லை. லூர்துமேரியின் மகன் அந்தோணிராஜுக்குப் பட்டாளத்து வேலையும் நல்ல பேரும் போன கதை. இரண்டும் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஒரு முழ நீளத் தகட்டில், ஒரு விரல் அகல ஓரத்தில், இரண்டும் இருந்தன. அந்த ஓரத்தைத் தேய்த்து அழித்தவன் நான்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் தேய்த்தான் என்று திட்டுவீர்கள். உப்புப் பாத்தியின் தரை வெறும் களிமண். மழை முடிந்ததும் காலால் மிதித்து மிதித்து அதைக் கல்லாக்குவோம். அதன்மேல் விளையும் உப்பை, நீளக் கழியில் கட்டிய பலகையால் இழுத்து வரப்பில் சேர்ப்போம். பலகையின் ஓரத்தில் ஒரு சிம்பு இருந்தால் போதும், தரை கீறி, சேறு கிளம்பி, வெள்ளை உப்பு எருமை நிறத்துக்கு வந்துவிடும். அதனால் புதுப் பலகை யார் கைக்கு வந்தாலும் முதல் வேலை ஓரத்தைக் கருங்கல்லில் தேய்ப்பது. தேய்த்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்துப் பார்ப்போம். நகம் எங்கேயும் தட்டக்கூடாது. தட்டினால் மறுபடி கல்.

எல்லாரும் ஒரு நகத்தை வைத்துப் பார்த்தால் லூர்துமேரி பத்து நகத்தையும் வைத்துப் பார்ப்பாள். பக்கத்துப் பாத்தி பூவிழிக்கு அது பெரிய வேடிக்கை.

“ஏன்க்கா, உப்பு வாரப் போறியா, கன்னத்துல தேய்ச்சிக்கப் போறியா?”

லூர்துமேரி பதில் பேசமாட்டாள். அவள் வாரிய உப்புதான் பேசும். லாரிக்காரன் வந்ததும், ‘அந்தம்மா உப்ப மொதல்ல ஏத்து’ என்பான். பதினான்கு பேர் வாரும் வரிசையில் அவள் குவியல் மட்டும் தூரத்திலிருந்தே துவைத்த வேட்டி மாதிரி தெரியும்.

அவள் புருஷன் கடலுக்குப் போனவன், வரவில்லை. ஒரே மகன். அந்தோணிராஜ் பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். துப்பாக்கி பிடிக்கும் வேலை இல்லை. விமானத்தின் உடம்பைப் பார்க்கும் வேலை. போல்ட் முறுக்குவது, ரிவெட்டைத் தட்டிப் பார்ப்பது, பார்த்ததற்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது. அவன் இருந்த தளத்தின் பேரைச் சொல்லமாட்டேன். அது ராணுவ ரகசியம், எனக்கும் தெரியாது.

அங்கிருந்து பயிற்சி விமானங்கள் தினம் காலையில் கடலோரமாகவே வந்து, எங்கள் தலைக்கு மேல் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும். வரும்போதெல்லாம் லூர்துமேரி வேலையை விட்டுவிட்டு, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள். “எம்புள்ள முறுக்கினது” என்பாள். எந்த விமானம் வந்தாலும் அவள் பிள்ளை முறுக்கியதுதான்.

“அப்போ அதுல பைலட்டுன்னு ஒருத்தன் சும்மா குந்திக்கினு வர்றானா?” என்பாள் பூவிழி.

மகன் வாரத்தில் இரண்டு நாள் போன் செய்வான். அவனிடம் ஊர்ச் சேதி ஒன்றும் சொல்லமாட்டாள். யார் செத்தது, யார் விழுந்தது, யார் வீட்டில் சண்டை, எதுவும் கிடையாது. சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். முறுக்குகிற வேலை, மனசு அலையக்கூடாது என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள், காலை பத்தரை மணி. மற்றவர்கள் பண்டிகை முடிந்து இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. லூர்துமேரி மட்டும் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டகை வாசலில் நின்று, அவள் சரியாக மிதிக்கிறாளா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் வந்தது. வழக்கம்போல் தலைகீழாக இறங்கி, வழக்கம்போல் மேலே ஏறியது. ஏறும்போது மளுக் என்று ஒரு சத்தம். கரும்பை முழங்காலில் வைத்து முறித்தால் வரும் அதே சத்தம், வானத்தின் அளவுக்கு. வலது இறக்கை மேல்நோக்கி மடிந்தது. மடிந்து, தனியாகக் கழன்று, எச்சில் இலை காற்றில் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டு கழுவெளிப் பக்கம் போயிற்று. அதற்கப்புறம்தான் விமானம் கவிழ்ந்தது. முதலில் இறக்கை, பிறகு விமானம். இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் கரையிலிருந்து அரை மைலில் கடலில் விழுந்தது. உள்ளே இரண்டு பையன்கள். இரண்டு பேர் வயதையும் கூட்டினால் ஐம்பது வராது. குடை எதுவும் விரியவில்லை.

விழுந்த அதிர்ச்சியில் எங்கள் ஏழு பாத்தித் தண்ணீரும் ஒரே நொடியில் உப்பாக இறுகிவிட்டது. தை மாதத்தில் உப்பு விளையாது. அன்று விளைந்தது. தண்ணீரில் நின்றிருந்த பூநாரை ஒன்றின் கால் உப்பில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை பறக்கமுடியாமல் நின்றது. நான்தான் கடப்பாரையால் கொத்தி எடுத்துவிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லூர்துமேரி நெற்றியில் வைத்த கையை எடுக்கவேயில்லை. முழங்கால் வரை சேறு. கடலில் புகை எழும்பி, சாய்ந்து, அடங்கிய பிறகும் அப்படியே நின்றாள்.

“இது எம்புள்ள முறுக்கினது இல்ல பெரிப்பா” என்றாள். “இது வேற.”

மறுநாள் காலையில் உப்பளம் முழுக்கக் கயிறு கட்டிவிட்டார்கள். யாருக்கு எது கிடைத்தாலும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அனுமந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்கள். ஜனங்களும் கொடுத்தார்கள். கண்ணாடிச் சில்லு, ஒயர், ஒற்றைக் கையுறை. அவசரத்தில் பூவிழியின் டிபன் டப்பாவையும் யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அது திரும்பி வரவில்லை. கடலில் பதினோரு நாள் முங்கினார்கள். பையன்கள் இருவரும் கிடைத்தார்கள். விமானத்தின் மூக்கு கிடைத்தது, வால் கிடைத்தது. இறக்கை சேரும் நடு உடம்பு கடற்சேற்றில் புதைந்து போயிற்று. கழுவெளியில் இறக்கையும் கிடைத்தது, ஆனால் முறிந்த முனையில் ஒரு முழத் துண்டு இல்லை. அதைத் தேடி வரிசையாகக் கைகோத்துக்கொண்டு எங்கள் பாத்திகளில் நடந்தார்கள். மிதித்து வைத்த தரையெல்லாம் பூட்ஸ் தடம். பதினைந்தாம் நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாசியில் வெயில் ஏறியது. கடல் தண்ணீரைத் தேக்கிக் காயவைக்கும் பெரிய பாத்தியில் தண்ணீர் இறங்கிற்று. இறங்கின இடத்தில் ஒரு தகடு சேற்றில் செருகிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் விரல் தடிமனுக்கு வெள்ளை உப்பு கட்டியிருந்தது. ஒரு ஓட்டையும் இருந்தது.

இங்கேதான் நீங்கள் எங்களைத் திட்டுவீர்கள். ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். அதற்கு முந்தின புயலில் மடைக்கதவுகள் எல்லாம் போனபிறகு, முதலாளி மரக்கதவுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டுக் கதவு போட்டிருந்தார். கயிறு கட்டித் தூக்க ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. அந்த வருட மழையில் அப்படி இரண்டு கதவு அடித்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டை போட்ட தகடு ஒன்று சேற்றில் கிடந்தால், உப்பளத்துக்காரன் வானத்தை அண்ணாந்து பார்க்கமாட்டான். மடையைத்தான் பார்ப்பான். உடைந்துபோன மடைக்கதவு, உப்பு வார நல்ல பலகையாச்சே என்று எடுத்துக்கொள்வான்.

எடுத்துக்கொண்டேன். மரத்தைவிட லேசு, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. லூர்துமேரியின் பழைய பலகை உளுத்துப்போயிருந்தது. அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஓரம் மட்டும் நாய் கடித்துத் துப்பினது போல் இருந்தது. கட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டுப் பார்த்தால், அந்த முறிந்த முகத்தில் ஒரு மூலையிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள் கிளம்பி வந்தன. கடற்கரை மணலில் அலை பின்வாங்கும்போது விட்டுப்போகுமே, அந்த மாதிரி, ஒன்றை ஒட்டி ஒன்று. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்து என்ன, நகம் தட்டியது.

மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து மூன்று நாள் தேய்த்தேன். முதலில் கருங்கல்லும் ஈரமணலும். அப்புறம் செங்கல். கடைசியில் தேங்காய் நாரும் சாம்பலும். முதல் நாள் கோடுகள் பாதி போயின. இரண்டாம் நாள் முழுக்கப் போயின. மூன்றாம் நாள் அந்த ஓரத்தில் முகம் தெரிந்தது. பத்து நகத்தையும் வைத்து இழுத்தாலும் ஒன்றுகூடத் தட்டவில்லை. போல்ட் போட்ட அந்த ஓட்டையில் கயிற்றை நுழைத்துக் கழியைக் கட்டினேன். அந்தப் பலகையால் லூர்துமேரி பங்குனியில் வாரிய உப்பு, உப்பளத்தின் சரித்திரத்தில் இல்லாத வெள்ளை. கூலிங் கிளாஸ் போடாமல் அதைப் பார்த்த ஒரு காக்காய்க்குப் பார்வை போய்விட்டது. இன்னமும் பிரம்மதேசம் ரோட்டில் நடந்துதான் போய்வருகிறது.

வைகாசியில் அந்தோணிராஜ் லீவில் வந்தான்.

லீவு இல்லை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். நான்கு மாதமாக அம்மாவிடம் போனில் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான். விழுந்த விமானத்தின் ரிஜிஸ்டரில், இறக்கை சேரும் போல்ட்டுக்கு நேராக, கடைசிக் கையெழுத்து அவனுடையது. சரியாக முறுக்காமல் விட்டான் என்பது பேச்சு. நிரூபணம் ஆனால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. இரண்டு பையன்களைக் கொன்றவன் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும்.

வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான் என்று ஒரு நாள் லூர்துமேரி அவனை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்பது பேர் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். முகம் ஒட்டிப்போய், தாடி வைத்து, இருபத்தேழு வயதுப் பிள்ளை நாற்பது மாதிரி இருந்தான். பூவிழி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, அந்த விமானம் ஏன்தான் விழுந்தது என்று கேட்டாள். அவன் குச்சியை எடுத்து ஈரமண்ணில் வரைய ஆரம்பித்தான்.

“நான் ஒழுங்காத்தான் முறுக்கினேன். மெட்டலே பழசுக்கா. தினம் வளைஞ்சி வளைஞ்சி அது களைச்சிப் போச்சி. உள்ளார மயிரு மாதிரி ஒரு வெடிப்பு வுடும். வெளிய தெரியாது. அது கொஞ்சங்கொஞ்சமா போயி, ஒரு நாள் பட்டுனு முறிஞ்சிடும்.”

“அத அவங்களாண்ட சொல்ல வேண்டிதுதானே?”

“சொல்லிட்டேன். முறிஞ்ச துண்டு வேணுமில்ல? மெதுவா வெடிச்சிருந்தா அதுல கோடு கோடா தெரியும், பீச்சுல அலை போன மாதிரி. லேப்ல ஒரு தடவ பாத்தாலே போதும், இவன் மேல தப்பில்லன்னு எழுதிடுவாங்க.” குச்சியால் ஒரு முழம் அளந்தான். ஒரு பக்கம் வளைவாக இழுத்தான். நடுவில் குச்சியை ஊன்றி ஒரு ஓட்டை போட்டான். “இவ்ளோதான் இருக்கும். இங்க ஒரு ஓட்டை.”

பூவிழியின் கை சோற்றுச் சட்டியிலேயே நின்றுவிட்டது.

லூர்துமேரியின் பலகை எங்களுக்குப் பத்தடி தள்ளி வரப்பில் சாய்ந்து நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ஒருவர் கடலைப் பார்த்தார், ஒருவர் தன் காலைப் பார்த்தார், நான் மோட்டாரைப் பார்த்தேன். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு இடத்தைப் பார்க்காமல் இருந்தால் பத்தாவது ஆள் அங்கேதான் பார்ப்பான். அந்தோணிராஜ் எழுந்து போனான். கழியிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். தகட்டைத் திருப்பினான். வளைவைப் பார்த்தான், ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். கடைசியில், உப்பளத்தில் பிறந்த பிள்ளைதானே, கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தான்.

தட்டவில்லை.

“இத யாரு தேய்ச்சது?”

லூர்துமேரி வாயைத் திறந்தாள்.

“நாந்தான்டா” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. பாவாடை தாத்தா சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியில் பாதியை நம்ப வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும்.

“சத்தியம் பண்ணு.”

கோலை ஊன்றிப் போய், பாத்தியில் ஒரு பிடி அள்ளினேன். வைகாசி வெயில், உப்பு நெருப்பாகச் சுட்டது. விரலை மூடிக்கொண்டு, அந்த ஓரத்தை மூன்று நாள் தேய்த்தவன் பாவாடை, வேறு யாரும் கை வைக்கவில்லை என்றேன். மற்றவர்கள் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள்.

“கோடு இருந்துச்சா?”

“இருந்துச்சி. அலை அலையா.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து?”

யோசிக்கிற மாதிரி தலையைச் சொறிந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வரைந்திருந்த படத்தின் கீழ்மூலையிலிருந்து லூர்துமேரி கால் கட்டைவிரலால் ஒரு வளைவு போட்டாள். அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. நான் மனசில் நினைத்ததை அப்படியே வரைந்தாள். பல வருடம் கூட வேலை செய்தால் அப்படி ஒரு பொருத்தம் வந்துவிடும்.

“கீழ் மூலையிலேர்ந்து” என்றேன்.

அவன் அடிப்பான் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. தகட்டைச் சாக்கில் சுற்றினான்.

“அந்தக் கோட்டுலதான்யா என் உசுரு இருந்துச்சி” என்றான். என்னை ‘யா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் விசாரணைக்கு வேன் பிடித்துப் போனோம். அவன், அவன் அம்மா, நான், உப்பளத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் தனகோடி முதலாளி. அந்தோணிராஜை வெளியே நிறுத்திவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி. மரியாதையான மனுஷன். தகட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். விமானத்தின் துண்டுதான், தேடின துண்டேதான் என்றார். திரும்பி வந்து அதை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“இதுல படிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களேம்மா. கண்ணாடி மாதிரி இருக்குது.”

லூர்துமேரி, இறக்கைதான் முதலில் போயிற்று, தன் கண்ணால் பார்த்தேன் என்றாள். அவரும் எழுதிக்கொண்டார். பெற்ற தாய் சொல்வதை மட்டும் வைத்து முடிவு கட்டமுடியாது, வேறு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

நான் பார்த்தேன் என்றேன். கரும்பு முறிகிற சத்தம், மடிந்த இறக்கை, எச்சில் இலை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடுகளையும் சொன்னேன். விவரமாக இருக்கட்டும் என்று பூநாரையையும் சொன்னேன். அப்போது தனகோடி முதலாளி எழுந்து போய் அதிகாரியின் காதில் நாலு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எப்போதுமே பொறாமைக்காரர். பேனா நின்றது. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் என் இடது காலைப் பார்த்தார்.

“பெரியவரே, நீங்க வெளிய போயி உக்காருங்க.”

எழுதிய தாளைக் கிழிக்கிற சத்தம் வெளியே கேட்டது. தகட்டை எதற்கும் லேபுக்கு அனுப்பினார்கள். ஆடியில் இரண்டு வரியில் பதில் வந்தது: முறிந்த முகம் அழிக்கப்பட்டுள்ளது, காரணம் கூற இயலாது. மிச்சம் இருந்தது ரிஜிஸ்டரில் அவன் போட்ட கையெழுத்துதான். அதை வைத்து அந்தோணிராஜுக்கு ஆறு மாதம் காவல். வேலை போயிற்று. அவன் உள்ளே இருக்கும்போதே அந்த ரக விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேல் எதுவும் வருவதில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தினதால் அவன் தீர்ப்பை யாரும் திருப்பி எடுத்துப் பார்க்கவும் இல்லை.

இப்போது அவன் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறான். அங்கே மின்விசிறி ஆடினால்கூட ஸ்குரூ முறுக்க வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டுமாம்.

லூர்துமேரி மறுபடி மரப் பலகைக்குப் போனாள். புதுப் பலகை. ஆனால் அதை ஒரு நாளும் கல்லில் வைக்கவில்லை. வாங்கின அன்று இருந்த சிம்போடு அப்படியே இழுத்தாள். தரை கீறிச் சேறு கிளம்பியது. வரிசையிலேயே அவள் குவியல்தான் கறுப்பு. லாரிக்காரன் கடைசியில் ஏற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கொட்டகைக்கு எனக்கு மீன் குழம்பு கொண்டுவருவாள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகனைக் கெடுத்தவனுக்கு ஏன் குழம்பு என்று நான் கேட்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாமல் நின்றாள்.

“பெரிப்பா, அந்தக் கையக் காட்டுங்க.”

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்படியேதான் இருக்குது” என்றாள். கையை விட்டுவிட்டு, “அவங்கிட்ட சொல்லிடறேனே” என்றாள்.

“என்னாத்த சொல்லுவ? நான் தேய்ச்சேன்னு ஊருக்கே தெரியும். நீ வேற போயி சொல்லணுமா? குழம்புல புளி கம்மி.”

புளி சரியாகத்தான் இருந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன தவக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உப்பளத்தில் காய்ச்சல் வந்தால் வெயில் என்போம், வெயில் என்றால் படுத்திருப்போம். நாலாம் நாள் ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோ முருக்கேரி தாண்டவில்லை. கடைசிவரை அவள் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லறையில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் குனிந்து ஒரு பிடி எடுத்தேன். அந்தோணிராஜ் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நீ போடாத. எங்கம்மா செத்ததே உன்னாலதான்.”

அன்று கொட்டகை நிழலில் இருந்த மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அன்றைக்கு மாதிரியே ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நான் மண்ணைக் கீழே போட்டுவிட்டு, வேலிக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். பாதிரியார் ஜெபம் முடியும்வரை நின்றேன். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு மோட்டார் போட வந்துவிட்டேன். பாத்திக்குத் தண்ணீர் காத்திருந்தது.

எழுதி முடித்துவிட்டேன். உப்பை எடுத்து, மூடி, விரித்துப் பார்த்தாயிற்று. ஐந்து விரலும் இருக்கிறது.

விமானம் விழுந்த அந்தத் தைக்கு முந்தின கார்த்திகையில் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட நான், பங்குனி பிறக்கும்வரை பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், காலில் எடை கட்டித் தொங்கவிட்ட கட்டிலை விட்டு இறங்கவில்லை.